புத்தளக் கரையில் ஒரு சாண் நிலம்

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் பஸ் வண்டி சிலாபத்தைத் தாண்டியதும், பிரயாணிகளிற் பெரும்பாலோர் கண்ணயர்ந்து விடுவர். வழியெங்கும் தென்னந்தோட்டம், அதற்கப்பாலும் தென்னந்தோட்டம். கடல் இடப்பக்கத்தில் வெகு தொலைவில் இல்லை என்பதைக் காற்றின் உப்புச் சுவையே அறிவிக்கும். ஆனால், வீதிக்கும் கடலுக்கும் இடையே, கண்ணயர்ந்தவர்கள் காணாத வேறோர் உலகம் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய், ஆழமற்ற களப்புகள், உப்பளங்கள், கரை உடைந்து பாழாய்க் கிடக்கும் இறாற் குளங்கள், இவற்றின் ஓரமெல்லாம் சேற்றிலே கால் ஊன்றி நிற்கும் கண்டல் மரங்கள் ஆகியவை அவ்வுலகின் உடைமைகள்.

அவ்வுலகைக் காணவே நான் சென்ற மாதம் புறப்பட்டேன். புறப்படத் தூண்டியவர், மலைநாட்டிலே தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியராயிருக்கும் என் நண்பர். மண் சரிந்து வெறுமையான மலைச் சரிவுகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர் அவர். பிறநாடுகளிலே மரக்கன்று நடும் யந்திரங்களின் படங்களைச் சேர்த்து எனக்கு அனுப்பி, “உங்கள் கடற்கரையிலும் ஆண்டுதோறும் கண்டல் நடுகிறார்களே, இத்தகைய யந்திரம் ஒன்றிருந்தால் எத்துணை விரைவில் வேலை முடியும்!” என்று எழுதியிருந்தார்.

அந்த யந்திரங்களைப் பற்றி முதலிற் சில சொல்ல வேண்டும். சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில், நாம் பெக்கோ என்று வழங்கும் மண்தோண்டும் யந்திரத்தின் கை நுனியிலே நடுகைத் தலையொன்றைப் பொருத்துகிறார்கள். அத்தலை மண்ணைக் கிளறி மேடாக்கும். உள்ளே அடுக்கி வைத்த கன்றுகளில் ஒன்றைக் குழாய் வழியே இறக்கி ஊன்றும். பின்னர் மண்ணை அழுத்தி இறுக்கும். சுவிற்சர்லாந்திலே, நான்கு கால்களையும் வெவ்வேறாக உயர்த்தியும் தாழ்த்தியும் சிலந்திபோல் மலைச் சரிவில் ஏறும் மண்வெட்டும் யந்திரம் உண்டு. மரம் வெட்டும் கனத்த வண்டிகளை மலையுச்சியிலிருந்து கம்பிவடத்தாற் பிணித்துச் சரிவிலே இறக்கும் முறையும் பல நாடுகளில் வழக்கில் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும், செங்குத்தான சரிவுகளிலே கன்று நடுபவர் இன்றும் பெரும்பாலும் மனிதரே. பின்லாந்து நாட்டினர் அதற்கென எளிய குழாய்க் கருவியொன்றை ஆக்கியிருக்கின்றனர். குழாயின் கூரிய நுனியை மண்ணிற் குத்தி, காலால் ஒரு மிதிப்பை அழுத்தினால் நுனி அலகுபோல் விரிந்து குழி செய்யும். மேல்வாய் வழியே கன்றை இட்டால் அது குழியில் நேராகப் போய் நிற்கும். முதுகு வளைய வேண்டியதில்லை. நம் மலைநாட்டிலோ அலவாங்கும் மண்வெட்டியும் கூடையுமே இன்றளவும் கருவிகள்.

நண்பரின் கேள்வி எனக்கு வேறொரு காரணத்தால் உறுத்தியது. ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கற்பிட்டிக்குச் செல்லும் வழியில், புத்தளக் களப்பின் கரையிலே நானும் கண்டல் நட்டவன். அங்கே என்ன நடந்தது என்பதை உரிய இடத்திற் சொல்வேன். முதலில் வழியிற் கண்டவற்றைக் கூறுகிறேன்.

சிலாபத்துக்குத் தெற்கே பம்பல என்னும் சிற்றூரில் முதலில் இறங்கினேன். கண்டல் மரங்களுக்கென்றே அமைந்த அரும்பொருட்சாலை ஒன்று 2016ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அங்கே திறக்கப்பட்டது. உலகில் அவ்வகையில் அதுவே முதலாவது என்பர். சுதீச என்னும் இலங்கை அமைப்பும், சீகொலொஜி என்னும் அமெரிக்க அமைப்பும், அரசாங்கமும் சேர்ந்து, இந்நாட்டுக் கண்டற்காடுகள் முழுவதையும் காக்கும் திட்டமொன்றை 2015இல் தொடங்கின. களப்போரக் கிராமங்களிலுள்ள பெண்களுக்குத் தொழில் தொடங்கச் சிறுகடன் அளிப்பதும், அதற்கீடாக அவர்கள் தம் ஊர்க் கண்டலைக் காவல் செய்வதும் அத்திட்டத்தின் உயிர்நாடி.

நாற்றுமேடையிலே வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளில் இளங்கன்றுகள் நின்றன. அவற்றைக் கண்டபோது, இயற்கை எந்த யந்திரத்துக்கும் முந்தி ஒரு நடுகைக் கருவியை ஆக்கி வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. கால்போல் வளைந்திறங்கும் வேர்களையுடைய கண்டலின் காய், மற்ற மரங்களின் காய்போல் நிலத்தில் விழுந்தபின் முளைப்பதில்லை. தாய்மரத்திற் தொங்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய்போல் நீண்டு, ஒரு முழத்துக்கும் மேலாக வளர்ந்து, அடிப்புறம் கனத்து, நுனி கூராகிப் பின்னரே கழன்று விழுகிறது. வற்று வேளையில் விழுந்தால் தாயின் காலடிச் சேற்றிலேயே குத்தி நிற்கும். பெருக்கு வேளையில் விழுந்தால் வாரக்கணக்காக, மாதக்கணக்காகவும் நீரில் மிதந்து சென்று, தகுந்த கரை கிடைத்த இடத்தில் வேர்விடும். மனிதன் நடுவதென்றால், அக்காயின் கூரிய நுனியைச் சேற்றிலே மூன்றிலொரு பங்கு செலுத்தி விட்டாற் போதும். தோண்டவும் வேண்டாம், மூடவும் வேண்டாம்.

ஆகவே, நடுவது இங்கே கடினமான வேலையன்று. ஒரு சிறு பிள்ளை ஒரு காலைப்பொழுதில் நூறு காய்களை ஊன்றலாம். அவ்வளவு எளிதாயிருப்பதே தொல்லைக்கும் காரணமாயிற்று என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

பம்பலையிலிருந்து சிலாபத்துக்கு வந்து, முன்னேஸ்வரத்து ஈசனைத் தரிசித்து, மீண்டும் வடக்கே சென்றேன். உடப்புக்குச் செல்லும் வழியை நெருங்குமுன் ஆனைவிழுந்தான் சரணாலயம் இருக்கிறது. பழங்காலத்துக் குளங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் வழியுமாறு தொடராக அமைந்த இடம் அது. ஈரநிலங்களைப் பேணும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2001ஆம் ஆண்டு சர்வதேச முக்கியத்துவமுள்ள இடமாக அது பதிவு பெற்றது. நீர்ப்பறவைகள் மிகுந்த அவ்விடத்தின் கடலோரப் பகுதியைக் கூட இறால் மோகம் விட்டுவைக்கவில்லை.

1980களிலே இம்மாவட்டக் கரையில் இறால் வளர்ப்புத் தொழில் வேரூன்றியது. கண்டலை வெட்டிக் குளம் தோண்டினார்கள். குளத்தைச் சுற்றி உயரமாக மண்வரம்பு கட்டினார்கள். சில ஆண்டுகள் பணம் கொழித்தது. 1996இல் வெண்புள்ளி நோய் என்னும் கொள்ளைநோய் வந்தது. இறால்கள் குளம் குளமாக மடிந்தன. கடன் பட்டவர்கள் குளங்களைக் கைவிட்டு அகன்றனர். தொழில் பின்னர் ஓரளவு நிமிர்ந்தபோதிலும், கைவிட்ட குளங்களிற் பல அப்படியே கிடந்தன. வரம்பு நின்றதால் வற்றுப்பெருக்கு உள்ளே வரவில்லை. வெயிலில் நீர் வற்றி உப்பு ஏறிய அந்நிலத்தில் எதுவும் முளைக்கவில்லை.

ஆனைவிழுந்தானிலே அத்தகைய குளங்களை மீட்கும் வேலையை வனசீவராசிகள் திணைக்களமும் வயம்பப் பல்கலைக்கழகத்தினரும், தனியார் நிறுவனமொன்றின் துணையுடன் 2020இல் தொடங்கினர். அவ்வேலையின் அடிப்படை கன்று நடுவதன்று. தடைப்பட்ட நீரோட்டத்தைத் திரும்பக் கொணர்ந்து, இயற்கை தானாகவே முளைப்பதற்கு வழிவிட்டு, அம்முளைப்பை விரைவுபடுத்துவதாம். 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில், உலகின் முன்மாதிரியான மீட்புப் பணிகளில் ஒன்றாக இலங்கையின் கண்டல் மீட்பை ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது.

யந்திரத்துக்கு உரிய இடம் எதுவென்று நண்பருக்கு எழுத வேண்டிய விடையின் முதற்பாதி எனக்கு இங்கேதான் கிடைத்தது. புளோரிடாவைச் சேர்ந்த ரொபின் லூயிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் தம் வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியதும் இதுவே. அங்கே வெஸ்ட் லேக் என்னுமிடத்தில், 1990களின் நடுப்பகுதிவரை நடைபெற்ற பெரும்பணியொன்றிலே, மண்ணைத் தோண்டி, பக்கத்திலே இயற்கையாக நின்ற கண்டற்காட்டின் நிலமட்டத்துக்குச் சமமாக இறக்கி, கடல்நீர் சென்றுவர வாய்க்கால் திறந்துவிட்டார்கள். ஒரு கண்டற் கன்றும் நடவில்லை. காய்கள் தாமே மிதந்து வந்தன. காடு தானே எழுந்தது. அங்கே யந்திரம் செய்த வேலை மண்மட்டத்தைத் திருத்தியது மாத்திரமே.

இனி என் கதைக்கு வருகிறேன்.

முந்தலைக் கடந்து பாலாவிச் சந்தியில் இறங்கினால், வலப்பக்கம் செல்வது புத்தளம் நகருக்கு. இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாடு. உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி நெடுந்தூரம்வரை தெரியும். தலவிலவில் புனித அன்னம்மாள் ஆலயத்துக்குத் திருவிழாக் காலத்தில் நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் மக்கள் திரள்வர். குடாநாட்டின் ஒருபுறம் பெருங்கடல். அங்கே காற்று குவித்த மணல்மேடுகள். மறுபுறம் அமைதியான களப்பு, அங்கே சேறு. குடாநாட்டின் வட நுனிக்கருகே, 1667இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டை நிற்கிறது.

அக்களப்புக் கரையிலேதான் நாங்கள் நட்டோம். ஓர் அமைப்பு ஒழுங்கு செய்த நிகழ்ச்சி அது. இரண்டு பஸ் வண்டிகளிலே மாணவர்களும் ஆசிரியர்களும் வந்திறங்கினோம். ஓலைப் பந்தலில் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. வற்று வேளையாகையால், கரைக்கப்பால் பரந்த சேற்றுவெளி மேசைபோல் விரிந்து கிடந்தது. கயிறு பிடித்து, ஒரு மீற்றருக்கு ஒரு காயாக, நெற்றியில் வியர்வை வழிய ஊன்றினோம். படம் எடுத்தார்கள். மாலையில் திரும்பும்போது, எதிர்காலத் தலைமுறைக்கு ஒரு காட்டையே கொடுத்துவிட்டதாக என் மனம் பூரித்தது.

அடுத்த ஆண்டு வேறொரு காரியமாக அவ்வழியே சென்றபோது எட்டிப் பார்த்தேன். அங்கே வெறும் தடிகள் நின்றன. பச்சைப் பாசி அவற்றிற் கந்தல்போற் சுற்றிக் கிடந்தது. ஓடுடைய சிற்றுயிர்கள் அடிமுதல் நுனிவரை மொய்த்திருந்தன. ஓர் இலைகூட இல்லை. அன்று எவரிடமும் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. நட்டவர்களுள் எவரும் அதற்குப்பின் அங்கே சென்றதாகவும் தெரியவில்லை.

இம்முறை அதே கரையிலே, தோணியைக் கரையேற்றிவிட்டு வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். அக்காலத்தில் நாங்கள் நட்டதைத் தாம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

“ஏன் நானா, அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“யாராவது கேட்டால்தானே தம்பி சொல்வது? நீங்கள் எல்லாரும் பெரிய இடத்துப் பிள்ளைகளாக வந்து இறங்கினீர்கள். அந்த இடத்தில் என் வாப்பா காலத்திலும் கண்டல் இருந்ததில்லை. பெருக்கு வந்தால் அங்கே நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கும். குஞ்சு இறால் மேய்கிற இடம் அது. கண்டல் வேண்டுமென்றால் அதோ பாருங்கள்” என்று கரையோரத்தைச் சுட்டினார்.

அவர் சுட்டிய இடம், நாங்கள் நட்ட வெளியிலிருந்து ஐம்பது அடி தூரங்கூட இராது. அங்கே எவரும் நடாமலே இளங்கண்டல்கள் தோளுயரம் வளர்ந்து நின்றன. அவற்றுக்குச் சற்று மேலே, வேர்மூச்சுக் குச்சிகள் நிலத்தில் நெருக்கமாய் நீட்டிக்கொண்டிருக்க, வெண்கண்டல். அதற்கும் மேலே, பால் பட்டாற் கண்ணைக் கெடுக்கும் தில்லை. இரு நிலங்களுக்கும் இடையே உயர வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டேன். முதியவர் கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துக் காட்டினார். “ஒரு சாண் இருக்கும்.”

அந்த ஒரு சாணின் பொருளை அன்றே உணர்ந்தேன். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. கண்டல் வளர்வதோ, சராசரிக் கடல்மட்டத்துக்கும் உயர்ந்த பெருக்கு மட்டத்துக்கும் இடைப்பட்ட பகுதியில். வேர்கள் நனையவும் வேண்டும். மூச்சுவிட நீர் வடியவும் வேண்டும். ஆகவே அதற்குரிய நிலம், கரைச் சரிவிலே ஒரு குறுகிய நாடா மாத்திரமே. மலைநாட்டிலே சரிவு கண்ணுக்குத் தெரிகிறது. ஆதலால் அங்கே மனிதன் எச்சரிக்கையாக அடி வைக்கிறான். இங்கேயும் சரிவு உண்டு. ஆனால் அது சாணிலும் விரற்கடையிலும் அளக்க வேண்டிய சரிவு. எங்கள் கண்ணுக்கு அது சமவெளியாகத் தோன்றியது.

எங்கள் பிழை எங்களுடையது மாத்திரமன்று என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப்பின், கரையைக் காக்கும் அரணென்று கண்டல் நடும் முயற்சிகள் இலங்கையெங்கும் பெருகின. அம்முயற்சிகளை ருகுணைப் பல்கலைக்கழகத்தினரும் பெல்ஜிய அறிஞரும் ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆராய்ந்த இடங்கள் 23. அவற்றுள் 9 இடங்களில் ஒரு கன்றும் உயிருடன் இல்லை. நடப்பட்ட பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். தேறியதோ 200 முதல் 220 ஹெக்டேயர் மாத்திரமே. பொருந்தாத நிலத்தில் நட்டதும், கால்வேர்க் கண்டல் ஒன்றையே எங்கும் நட்டதும், நட்டபின் கவனியாது விட்டதும் காரணங்கள் என்றனர். மாடுகள் மேய்ந்தும் மிதித்தும் அழித்தவை பல. பாசி சுற்றி மடிந்தவை பல.

அதே ஆய்விலே, நட்டவற்றிற் பாதிக்குமேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று. நீர்கொழும்பு ஒன்று. மற்ற இரண்டும் இப்புத்தள மாவட்டத்தினுடையவை, பம்பலவும் கற்பிட்டியும். எனவே இம்மண்ணையோ உப்புநீரையோ குறை கூற இடமில்லை. தகுந்த இடமறிந்து நட்டுப் பேணிய கரையிற் கன்று பிழைத்தது. நாங்கள் நட்டதும் அதே களப்பின் கரைதான். அங்கே தடிகள் நின்றன.

இந்நிலையில் நண்பர் கேட்ட யந்திரம் வந்தால் என்னாகும்? பெக்கோ இந்தச் சேற்றில் இறங்கினால் அச்சுவரை புதையும். மலையிலே யந்திரம் சறுக்குகிறது, இங்கே அது மூழ்குகிறது. வானில் பறந்தபடியே விதை தூவும் ட்ரோன் யந்திரங்களை மியன்மாரின் ஐராவதிக் கழிமுகத்திலும் அபுதாபிக் கரையிலும் கண்டல் வளர்க்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவை சேற்றிற் புதையமாட்டா என்பது உண்மை. ஆனால், நாங்கள் ஒரு பகலில் பிழையான இடத்தில் நட்டதை, அவை ஒரு நாழிகையில் நட்டுவிடும், அவ்வளவே. அதே யந்திரம் வானிலிருந்து படமெடுத்து, நிலத்தின் உயரத்தையும் நீர் நிற்கும் இடத்தையும் காட்டித் தருமாயின், அது பேருதவியாகும்.

பிழையான இடத்தில் நடுவதால் வீணாவது காயும் உழைப்பும் மாத்திரமல்ல. திறந்த சேற்றுவெளி நமக்கு வெறுமையாகத் தோன்றினாலும், தூரதேசத்துப் பறவைகள் வந்து இரை பொறுக்கும் மேசை அது. சற்று ஆழத்தில் கடற்புல் விரிந்த இடம் மீன்குஞ்சுகளின் தொட்டில். அவ்விடங்களை மரம் நடும் ஆர்வத்தில் மிதித்துக் கலக்குவது, களப்பை நம்பியிருக்கும் குடும்பங்களின் உலைப்பானையிலே கை வைப்பதாகும். அவர்களுக்குக் கண்டலின் அருமை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்னாளிலே அதன் பட்டையை அவித்த சாயத்திலேதான் பருத்தி வலைகளை ஊறவைத்து உறுதியாக்கினார்கள்.

பொழுது சாயும் வேளையில், முதியவர் கையில் ஒரு கண்டற் காய் இருந்தது. நீரில் மிதந்து வந்து வலையில் அகப்பட்டதாம். இளங்கண்டல்கள் நின்ற கரைக்குப் போய், அவற்றின் கீழ்வரிசையில் இடைவெளி பார்த்து, எனக்கு நட இடம் காட்டினார். நான் நட்ட இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் மேலே” என்றார். பிடுங்கி நான்கு விரற்கடை மேலே ஊன்றினேன். “மழைக்காலம் முடிந்ததும் வந்து பாருங்கள். வராவிட்டாலும் மாடு வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார்.

அன்றிரவே நண்பருக்கு மடல் எழுதினேன். இறாற் குளத்தின் வரம்பை உடைக்கவும், தூர்ந்த வாய்க்காலைத் திறக்கவும் யந்திரம் வேண்டும். அதனை மகிழ்ச்சியோடு வரவேற்போம். நடுவதற்கோ இங்கே யந்திரம் வேண்டியதில்லை. பாடசாலைகளும் சங்கங்களும் கண்டல் நட விரும்பினால், பந்தல் போடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இவ்விடத்தில் முன்பு கண்டல் இருந்ததா? இருந்து அழிந்ததென்றால், தானாக ஏன் மீண்டும் முளைக்கவில்லை? நட்டபின் ஐந்தாண்டு யார் வந்து பார்ப்பார்? இவற்றுக்கு விடை சொல்லக்கூடியவர் அனேகமாக அக்கரையிலேயே வலை பிரித்துக்கொண்டு அமர்ந்திருப்பார். அவரிடம் போய்க் கேட்பதற்கு யந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

மழைக்காலம் முடிந்ததும் மீண்டும் கற்பிட்டிக்குப் போவதாக இருக்கிறேன். நண்பரும் உடன் வருவதாக எழுதியிருக்கிறார்.